ஆனந்தவள்ளியின் ஆமைப் பொய்கள்

ஸ்ரீரங்கத்தின் வடக்கு ஓரத்தில், கொள்ளிடக் கரையை ஒட்டி இருக்கிறது எங்கள் வனத்துறை ஆமை மையம். அங்கே ஆமை கொண்டுவந்து கொடுக்கிறவர்கள் எல்லோரும், வைத்திருந்தால் கேஸ் ஆகும் என்று பயந்து, ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். "வழியில கிடந்துச்சுங்க." நான் அங்கே பத்து வருடமாக எழுத்தர், பெயர் பாலு. ரிஜிஸ்டரில் 'எப்படிக் கிடைத்தது' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'வழியில் கிடந்தது' என்று எழுதி எழுதி என் கை தேய்ந்ததுதான் மிச்சம். திருச்சி ஜில்லாவில் தெருவெல்லாம் ஆமை கிடப்பதாக யாராவது அந்த ரிஜிஸ்டரை வைத்து ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினால் நான் பொறுப்பில்லை.

அவர்கள் ஒரு பொய் சொன்னால் பதிலுக்கு ஒன்பது சொல்ல எங்களிடம் ஒரு ஆள் இருந்தார். அவர்தான் ஆனந்தவள்ளி. வயது ஐம்பத்திரண்டு. கணவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. திருவானைக்காவலில் ஒற்றை அறை வீடு. முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், அதற்கு மேல் இழுத்துச் செருகிய புடவை, தலை நிறைய மல்லிகைப்பூ. இந்தக் கோலத்தில் காலை ஆறரைக்கு சைக்கிளில் வந்து இறங்குவார். தொட்டி கழுவுவது, தீனி நறுக்குவது, புண்ணுக்கு மருந்து போடுவது, தூண்டில் முள் விழுங்கிய ஆமையின் வாயைத் திறந்து முள்ளை எடுப்பது எல்லாம் அவர் வேலை. வருடா வருடம் நீட்டிக்கிற ஒப்பந்த வேலைதான். ஆனால் நடக்கிற நடையைப் பார்த்தால் மையத்தைக் கட்டியதே அவர் என்று தோன்றும்.

யார் மேலாவது கோபம் வந்தால் அந்த ஆளின் பெயரை ஒரு ஆமைக்கு வைத்துவிடுவார். மூன்றாம் தொட்டியில் இருக்கும் பால் ஆமைக்கு என் பெயர். "ஃபைல் ஒண்ணு வருதுன்னா தலைய உள்ள இழுத்துக்கும். அப்படியே நம்ம பாலு சார்" என்று வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் காட்டுவார். பிள்ளைகள் என்னையும் ஆமையையும் மாறி மாறிப் பார்க்கும். எனக்கு வந்த எரிச்சலுக்கு ஒரு அளவே கிடையாது.

பொய்க்கு வருவோம். ஒருநாள் ஒரு இளைஞன் சாக்குப்பையோடு வந்தான். லால்குடிப் பக்கத்து வாய்க்காலில் பிடித்த நாலு பால் ஆமை. மூலத்துக்கு நல்லது என்று கறி வைப்பதற்காகக் கொண்டுபோனானாம், வழியில் எங்கள் காவலாளி பார்த்துக் கூட்டிவந்துவிட்டார். ஆனந்தவள்ளி அவனைத் திட்டவே இல்லை. அவன் தலையை உற்றுப் பார்த்தார். முடி கொட்டி நெற்றி ஏற்கெனவே கொஞ்சம் ஏறிக்கொண்டிருந்தது.

"தம்பி, இதுக்கு முன்னாடி எத்தனை தடவை சாப்பிட்டிருக்கீங்க?"

"ரெண்டு தடவைக்கா."

"அதான பார்த்தேன். மூணாவது தடவைக்கு மொத்தமும் போயிரும். பரவாயில்ல, மூலம் சரியாயிரும் இல்ல?"

பையன் சாக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடினான். அடுத்த மாதம் தன் சித்தப்பாவிடமிருந்து இன்னும் இரண்டு ஆமையைப் பிடுங்கிக்கொண்டுவந்து கொடுத்தான். அவன் தலைமுடி இப்போதும் அப்படியேதான் இருக்கிறது. அதற்குக் காரணம் ஆனந்தவள்ளி அக்காதான் என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிகிறானாம்.

இந்த மாதிரிப் பொய்களை நாங்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆமை பிழைத்தது, அது போதும். மாட்டிக்கொண்டது துவாக்குடிக் குடும்பத்திடம்.

அவர்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்ந்த சிவப்புக் காது ஆமை தட்டு அளவுக்குப் பெருத்துவிட்டது. அது அமெரிக்கச் சரக்கு. குளத்தில் விட்டால் நம் ஊர் ஆமைகளின் தீனியையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும். அவர்களோ அதைக் கோயில் குளத்தில் விட்டுப் புண்ணியம் தேட நினைத்தார்கள். அதற்கு முன்னால் எப்படி விடுவது என்று எங்களிடம் கேட்க வந்தார்கள், பாவம். ஆனந்தவள்ளி ஆமையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கடல் தாண்டி வந்ததுங்க. அப்படியே கோயில் குளத்துல விட்டா தீட்டு. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள் இங்க இருக்கணும். அப்புறம் பார்த்துக்கலாம்."

கொடுத்துவிட்டுப் போனார்கள். நாங்களும் மறந்துவிட்டோம். அவர்கள் மறக்கவில்லை. நாற்பத்தெட்டாம் நாள் காலை ஒரு வேன் வந்து நின்றது. நாகஸ்வரம், தவில், ஒரு அண்டா சர்க்கரைப் பொங்கல், பட்டுப்புடவையில் பதினாறு பேர். ஆமையைக் குளத்துக்கு அழைத்துப்போக வந்திருக்கிறார்களாம். அந்த ஆமை அப்போது பின்னால் தொட்டிக் கல்லில் ஏறிக் கழுத்தை நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஆனந்தவள்ளி வாசலை மறித்து நின்றார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அதுக்கு முக்தி கிடைச்சிருச்சுங்க" என்றார்.

தவில் நின்றது. பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொங்கலை எங்களுக்கே கொடுத்துவிட்டுப் போனார்கள். நானும் சாப்பிட்டேன், முந்திரி தாராளமாகப் போட்டிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு போயிற்று. 'ஆமை மையத்தில் எங்கள் ஆமைக்கு முக்தி அளித்துள்ளனர். ஆனால் அதற்கான சான்றிதழ் இதுவரை வழங்கவில்லை.'

எங்கள் ரேஞ்சர் செந்தமிழன் அந்த மனுவை மூன்று தடவை படித்தார். நாகப்பட்டினம் கரையில் கடலாமை முட்டைகளுக்குக் காவல் இருந்துவிட்டு மூன்று வருடத்துக்கு முன்னால் இங்கே மாற்றலாகி வந்தவர். பொய் என்றால் அவருக்கு உடம்பே சிலிர்த்துக்கொள்ளும். லேட்டாக வந்தால்கூட பஸ் வரவில்லை என்று சொல்ல மாட்டார், தூங்கிவிட்டேன் என்றுதான் சொல்வார். அப்படிப்பட்ட மனிதரிடம் முக்திச் சான்றிதழ் கேட்டால் என்ன ஆகும்?

"பாலு, எழுதுங்க" என்றார். எழுதினேன். 'இனிமேல் ஆமைகள் தொடர்பாகப் பொதுமக்களிடம் எந்தவிதப் பொய்யும் சொல்ல மாட்டேன். மீறினால் என் ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டியதில்லை என்று உறுதி கூறுகிறேன்.' ஒப்பந்தம் ஆடி மாதக் கடைசியில் முடிகிறது. ஆனந்தவள்ளி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்னொரு ஆமைக்கும் என் பெயர் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"சார், நிஜத்தைச் சொன்னா நம்ப மாட்டாங்க சார்" என்றார் ரேஞ்சரிடம்.

"நம்புற மாதிரி சொல்லணும். இன்னொரு பொய் என் காதுக்கு வந்தா வீட்டுக்குப் போயிடலாம்மா."

வீட்டுக்குப் போவதென்றால் அவருக்கு அம்மா மண்டபம் படித்துறைக்குத் திரும்பிப் போவது. இங்கே வருவதற்கு முன்னால் பதினைந்து வருடம் அங்கேதான் கூடை வைத்துக் காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு விற்றுக்கொண்டிருந்தார். அந்த வியாபாரம் மோசமில்லை. ஆனால் அங்கே திரும்பிப் போகிற பேச்சை எடுத்தாலே அவர் முகம் செத்துப்போகும். கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடாமலே என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் பொய் சொல்லவில்லை. சாப்பாடு இறங்காத ஆள் மாதிரி ஆகிவிட்டார். யாராவது வந்து "வழியில கிடந்துச்சுங்க" என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிங்க" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொள்வார். ஓட்டில் ஓட்டை போட்டு வெள்ளிச் சங்கிலி கோத்த ஆமையைக்கூட அப்படித்தான் வாங்கினார். சங்கிலி மாட்டிக்கொண்டா அது வழியில் நடந்து வந்தது என்று கேட்க அவர் நாக்கு துடித்தது எனக்குத் தெரியும்.

ஆடி பிறந்து இரண்டாம் வாரம், தில்லை நகரிலிருந்து ஜோதி என்ற பெண் அவரைத் தேடி வந்தாள். எலும்பு டாக்டர் இளவரசனின் கிளினிக்கில் பெருக்கித் துடைக்கிறவள். அந்தக் கிளினிக்கில் ராசிக்காக ஏழு வருடமாக ஒரு நட்சத்திர ஆமை வளர்க்கிறார்களாம். சட்டப்படி அதை வீட்டில் வைக்கவே கூடாது. ஆமை வந்த பிறகுதான் கூட்டம் கூடியது என்று டாக்டரின் மனைவி சுபஸ்ரீக்கு நம்பிக்கை. ஆனால் மகளுக்கு மூன்று வருடமாக வரன் தட்டிப்போகிறது. சமயபுரத்து ஜோசியர் ஒருவர் சோழி போட்டுப் பார்த்து, ஆமை இருக்கிற வீட்டில் கல்யாணமும் ஆமை வேகத்தில்தான் நடக்கும், ஆடிப் பதினெட்டு அன்று அதை அம்மா மண்டபத்தில் காவிரியில் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

நட்சத்திர ஆமை தரையில் வாழ்கிற பிராணி. புல்லையும் தழையையும் மேய்ந்துகொண்டு வேலியோரம் திரிகிறது. அதற்கு நீந்தத் தெரியாது. ஆற்றில் விட்டால் கல் மாதிரி உள்ளே போகும். புண்ணியம் என்று நினைத்து வருடா வருடம் ஆடிப் பதினெட்டில் நம் ஜனங்கள் செய்கிற கொலை இது. செய்கிறவர்களுக்குக் கொலை என்றே தெரியாது, தட்டில் பூவும் கற்பூரமும் வைத்துத்தான் செய்வார்கள்.

ரேஞ்சர் மறுநாளே இரண்டு காவலரைக் கிளினிக்குக்கு அனுப்பினார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். "எல்லா ரூமும் பார்த்தோம் சார். எக்ஸ்ரே ரூம்ல மட்டும் ரேடியேஷன், போகக் கூடாதுன்னுட்டாங்க" என்றார்கள். ஆமை எங்கே இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மறுபடி சோதனை போட்டால் தகவல் சொன்னது ஜோதி என்று தெரிந்து அவள் பிழைப்பு போய்விடும். படித்துறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ரேஞ்சர் முடிவு செய்தார். "நீங்களும் வாங்க" என்று ஆனந்தவள்ளியைக் கூப்பிட்டார். "ஆனா நிஜம் மட்டும்தான்."

ஆடிப் பதினெட்டு அன்று அம்மா மண்டபத்தில் ஜனம் என்றால் அப்படி ஒரு ஜனம். மேட்டூர் திறந்து காவிரி இரண்டு கரையும் தொட்டு ஓடியது. யாரையும் உள்ளே இறங்கவிடாமல் கடைசிப் படிக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள், தீயணைப்புக்காரர்கள் நின்றிருந்தார்கள். எங்கள் துறையின் சார்பில் ஒரு மேசை, ஒரு பேனர், ஆயிரம் துண்டுப் பிரசுரம். 'நில ஆமைகளை ஆற்றில் விடாதீர்' என்ற பேனரில் எட்டு மணிக்கே யாரோ ஈரப் புடவையைக் காயப்போட்டுவிட்டார்கள். துண்டுப் பிரசுரத்துக்கு மட்டும் நல்ல கிராக்கி. கூம்பாகச் சுருட்டிக் காப்பரிசி வைத்துச் சாப்பிட வசதியாக இருந்தது. நானும் ஒன்று வாங்கிச் சாப்பிட்டேன், மறைப்பானேன்?

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். முன்னால் சுபஸ்ரீ, பச்சைப் பட்டு, கையில் பெரிய பித்தளைத் தாம்பாளம், மேலே சிவப்புத் துணி. பின்னால் டாக்டர் இளவரசன், வேட்டி கட்டிப் பழக்கமில்லாத நடை. நேராகக் கடைசிப் படிக்குப் போய்விட்டார்கள். சுபஸ்ரீயின் கைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு கயிறுதான். துணி விலகியபோது தெரிந்தது, கறுப்பு ஓட்டில் மஞ்சள் நட்சத்திரம் நட்சத்திரமாக, நடுவில் சந்தனப்பொட்டு வைத்த ஆமை.

ரேஞ்சர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். "சட்டம்னு வாயத் திறந்தா பயந்துபோய் அப்படியே போட்டுருவாங்க" என்றார். உண்மைதான். பக்கத்தில் நெருங்கவும் முடியவில்லை, கூட்டம். அந்தத் தண்ணீரில் விழுந்ததைத் திரும்ப எடுக்க யாராலும் முடியாது.

ஆனந்தவள்ளி எப்படியோ இடித்துப் புகுந்து சுபஸ்ரீக்கு அருகில் போய்விட்டார். படித்துறையில் பதினைந்து வருடம் இருந்தவருக்குக் கூட்டத்தில் நுழையத் தெரியாதா? நாங்கள் பின்னாலேயே தொங்கிக்கொண்டு போனோம்.

"அம்மா, இதை ஆத்துல விடாதீங்க. இது தண்ணியில செத்துரும்" என்றார்.

சுபஸ்ரீ திரும்பிப் பார்த்தார். "என்னது?"

"மூழ்கிச் செத்துரும்மா. இது தரை ஆமை. நீந்தத் தெரியாது."

சுற்றி நின்ற பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். பூஜை செய்துவைத்துக்கொண்டிருந்த சாஸ்திரிகள்கூட மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ஆமை தண்ணியில சாகுமா? அப்ப மீனும் சாகுமா?" என்றாள் ஒருத்தி. படியெல்லாம் சிரிப்பு பரவியது. முடி கொட்டும் என்றதை நம்பினார்கள், முக்தி கிடைத்தது என்றதை நம்பிச் சான்றிதழே கேட்டார்கள். ஆனந்தவள்ளி தன் வாழ்க்கையில் ஆமையைப் பற்றிப் பொது இடத்தில் சொன்ன முதல் சுத்தமான உண்மை இது. ஒரு ஈ காக்காய்கூட நம்பவில்லை.

ஆனந்தவள்ளி டாக்டரிடம் திரும்பினார். "சார், நீங்க எலும்பு டாக்டர்தானே? இதோட காலைப் பாருங்க." ஆமையின் முன்னங்காலை இரண்டு விரலால் மெல்ல வெளியே இழுத்துப் பிடித்தார். "விரலுக்கு நடுவுல தோல் இருக்கா? துடுப்பு மாதிரி இருக்கா? யானைக்கால் மாதிரி இருக்குல்ல? இதை வச்சு நீந்த முடியுமா? நீங்களே சொல்லுங்க."

டாக்டர் குனிந்து பார்த்தார். நன்றாகவே பார்த்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"என்னங்க, என்ன சொல்றாங்க இவங்க?" என்றார் சுபஸ்ரீ.

டாக்டர் நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "ஜோசியர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

சுபஸ்ரீ தாம்பாளத்தைக் கயிற்றுக்கு மேலே தூக்கினார். ஆனந்தவள்ளியின் வாய் திறந்தது, மூடியது. எனக்கு நன்றாகத் தெரியும், அந்த நேரம் அவர் வாய்க்குள் குறைந்தது ஆறு பொய் தயாராக இருந்திருக்கும். பெருமாள் கனவில் வந்தார் என்று ஒரு வார்த்தை போதும். இரண்டடி பின்னால் ரேஞ்சர் நிற்கிறார். சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் ஆமை போகும். அவர் திரும்பி ரேஞ்சரைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். கெஞ்சல் கொஞ்சமும் இல்லை. நல்லாப் பாருங்க சார், நீங்க கேட்ட நிஜம் எப்படி மூழ்கப்போகுதுன்னு பாருங்க என்கிற பார்வை.

"நில்லுங்கம்மா!"

கத்தியது ரேஞ்சர். எல்லோரும் திரும்பினார்கள். அவர் அவசரமாகக் குனிந்து பூட்ஸைக் கழற்றினார், தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்த்து ஊற்றியது. அவர் என்ன செய்யப்போகிறார் என்று அவருக்கே தெரியவில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

"கூர்மத்தை... கூர்மத்தைக் காவிரில விடுற வழக்கம் இல்லீங்கம்மா. பெருமாள் எங்க இருக்கார்? காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல, தரையில. ரெண்டு ஆறும் சுத்தி ஓட, நடுவுல மண்ணுலதான் சயனிச்சிருக்கார். கூர்மமும் அவர்தானே? அதனால... அதனால அதையும் நடுத் தீவுல மண்ணுலதான் விடணும். அதுவும் காக்கி போட்டவன் கையாலதான் வாங்கிக்கணும். அதுதான்... அதுதான் முறை."

சிரித்தவர்கள் எல்லோரும் சாஸ்திரிகளைப் பார்த்தார்கள். சாஸ்திரிகள் தாடையைச் சொறிந்தார். "கேக்க நன்னாத்தான் இருக்கு. நான் கேள்விப்பட்டதில்லை, ஆனா நியாயமாப் படறது" என்றார். அவர் மட்டும் என்ன, நானே நம்பிவிட்டேன். கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை பாதி தூரம் போய்விட்டது.

சுபஸ்ரீ சுலபத்தில் மசிகிறவர் இல்லை. சீருடையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஆனந்தவள்ளியிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. படித்துறையில உங்களை எத்தனையோ வருஷம் பார்த்திருக்கேன். இவர் சொல்றது நிஜமா?"

ரேஞ்சரின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆமாம் என்றால் அது பொய், அவரே எழுதி வாங்கியது. இல்லை என்றால் ஆமை ஆற்றில். ஆனந்தவள்ளி புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார், நிதானமாக, ஒவ்வொரு விரலாக. அந்தச் சமயத்தில்கூட அவருக்கு விளையாட்டு.

"மூணு வருஷமா இவர்கிட்ட வேலை பார்க்கிறேம்மா. இவர் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை" என்றார். என் காதோரம் குனிந்து, "நேத்து வரைக்கும்" என்று முடித்தார்.

தாம்பாளம் ரேஞ்சர் கைக்கு வந்தது. அப்புறம் நடந்ததைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும், அதனால் சொல்கிறேன். ஜீப் வரைக்கும் வெறுங்காலோடு அவர் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வழி நெடுக ஜனங்கள் தாம்பாளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு அம்மாள் அவர் நெற்றியில் குங்குமம் வைத்தார், இன்னொருத்தர் காலில் விழப் பார்த்தார். ஆனந்தவள்ளி பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார், சிரிக்காமல். எப்படித்தான் அடக்கினாரோ!

ஜீப்பில் ஆமையை மடியில் வைத்துக்கொண்டபோதுதான் அவர் அடக்கி வைத்திருந்த சிரிப்பு போயிற்று. ஈரத் துணியால் சந்தனப்பொட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பொட்டு போன பிறகும் துடைத்தார்.

"அந்தம்மாகிட்ட ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே. நான் என்ன உங்களை அனுப்பிடவா போறேன்?" என்றார் ரேஞ்சர்.

"தெரியாதே சார்." துணியை மடித்துத் திருப்பிக்கொண்டார். "அந்தப் படியில கடை போட்டிருந்தப்ப, ஒரு வருஷம் ஒரு குடும்பம் இதே மாதிரி ஒண்ணைக் கொண்டுவந்தாங்க. குங்குமம் கேட்டாங்க. நான்தான் என் கூடையிலேர்ந்து எடுத்து அது முதுகுல பொட்டு வச்சேன். நல்லபடியாப் போயிட்டு வா தாயேன்னு நானே சொன்னேன் சார். மறுநாள் காலையில அதே படியில ஒதுங்கிக் கிடந்துச்சு. பொட்டு அழியலை." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அங்க திரும்பி உக்கார என்னால முடியாது."

அவரைப் பற்றி நான் ஒரு ரிஜிஸ்டர் நிறையச் சேர்த்து வைத்திருந்த நையாண்டியை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. ரேஞ்சர் அன்று சாயங்காலமே ஒப்பந்த நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டு என் மேசையில் வைத்துவிட்டார்.

ஆனால் போட்ட பொய் சும்மா இருக்குமா? நடுத் தீவில் கூர்மத்தைச் சேர்க்கிற முறை ஒரே வாரத்தில் மாவட்டம் பூராவும் பரவிவிட்டது. மாதம் முடிவதற்குள் பதினேழு தட்டு வந்தது. யாரும் வழியில் கிடந்தது என்று சொல்லவில்லை, பெருமையாக வீட்டு விலாசம் கொடுத்தார்கள். எல்லோரும் கேட்டது காக்கி போட்ட சாமியைத்தான். ரேஞ்சர் பின் கதவு வழியாக ஓடப் பார்ப்பார். ஆனந்தவள்ளி பிடித்து இழுத்துவந்து நிறுத்துவார். "நிஜம் எல்லாம் நான் பார்த்துக்கிறேன், நீங்க தட்டை வாங்குங்க சார்" என்பார். டாக்டர் மகளுக்கும் அந்த மாதமே வரன் அமைந்துவிட்டது. முதல் கல்யாணப் பத்திரிகை ரேஞ்சருக்கு வந்தது.

புரட்டாசி முதல் ஞாயிற்றுக்கிழமை டாக்டர் இளவரசன் தனியாக வந்தார். வெளியே சிறிது நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தார். ஆமையைப் பார்க்க வேண்டும் என்றார். ஆனந்தவள்ளி அழைத்துப் போய்க் காட்டினார். வேலியோரம் அது சப்பாத்திக் கள்ளிப் பழம் தின்றுகொண்டிருந்தது, வாயெல்லாம் சிவப்பு. டாக்டர் வெகுநேரம் அதன் காலையே பார்த்தார்.

"அன்னிக்கு நீங்க காட்டின உடனே எனக்குத் தெரிஞ்சுதும்மா. அது நீந்துற கால் இல்லைன்னு" என்றார்.

ஆனந்தவள்ளி எதையாவது கிண்டலாகச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். சொல்லவில்லை.

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்ப அத்தனை பேருல நான் சொன்னதை நம்பின ஆள் ஒருத்தர் இருந்திருக்கார்." வேலிக் கதவைச் சாத்தினார். "நான் சொன்னா சிரிப்பாங்க சார், கருகமணி விக்கிறவ. நீங்க ஒரு வார்த்தை சொல்லிருந்தா அந்தப் படி முழுக்க நம்பிருக்கும். பொய்யே தேவைப்பட்டிருக்காது."

டாக்டர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அன்று படித்துறையில் நின்ற மாதிரியே நின்றார். ஆனந்தவள்ளி அவரைப் பார்த்தார், உள்ளே போனார். மோட்டார் சைக்கிள் ஏறிப் பின்னங்கால் ஒடிந்த ஒரு பால் ஆமையைத் துணியில் சுற்றி எடுத்துவந்து அவர் முன்னால் மேசைமேல் வைத்தார்.

"பேச வராட்டி பரவாயில்ல சார். கட்டுப் போட வருமில்ல?"

டாக்டர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.